தேய்ந்த பட்டன் சொல்லும் ரகசியம்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நான்கு இலக்க எண் பூட்டு. 2, 5, 8, 9 பட்டன்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கின்றன. “பத்தாயிரம் எண் இருக்கிறது, யாரால் கண்டுபிடிக்க முடியும்?” என்கிறார் சங்கச் செயலாளர். அவர் சொல்வது சரியா?
– வாசகி, மதுரை

பட்டன் தேயாதவரை சரி. ஓர் இடத்துக்கு 10 வாய்ப்பு; 10×10×10×10 = 10,000. ஆனால் தேய்மானத்தைப் பார்த்தவனுக்கு அந்தக் கணக்கே வேண்டாம். நான்கு எண்ணும் தலா ஒரு முறை வந்தாக வேண்டும் என்பதால் 4×3×2×1 = 24. ஒன்றுக்கு 5 விநாடி வைத்தாலும் இரண்டே நிமிடத்தில் கதவு திறந்துவிடும்.

மூன்று பட்டன் மட்டும் தேய்ந்திருந்தால் இன்னும் சுலபம் என்று தோன்றும். அதுதான் இல்லை. 2, 5, 8 மட்டும் என்றால் ஏதோ ஓர் எண் இரண்டு முறை வருகிறது. அது எது என்பதற்கே 3 வாய்ப்பு. 2 இரட்டித்தால் 2, 2, 5, 8. இவற்றை 24 விதமாக அடுக்கலாம்; ஆனால் இரண்டு 2-களும் தங்களுக்குள் இடம் மாறினால் புது எண் கிடைக்காது, ஆகவே 24÷2 = 12. மொத்தம் 3×12 = 36. இரண்டால் வகுக்க மறந்து 72 என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமான தவறு. இரண்டே பட்டன் என்றால் 2×2×2×2 = 16; அதில் 2222, 5555 போன்ற இரண்டைக் கழித்தால் 14.

சரிபார்க்கவும் வழி உண்டு. பத்து எண்களிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் முறையே 10, 45, 120, 210. எனவே 10×1 + 45×14 + 120×36 + 210×24 = 10 + 630 + 4,320 + 5,040 = 10,000.

இப்போதே எண்ணை மாற்றச் சொல்லுங்கள், அதுவும் தேயாத பட்டன்களில். தவறாக அழுத்தினால் சற்று நேரம் முடங்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘என்டர்’ இல்லாமல், கடைசியாக அழுத்திய நான்கை மட்டும் கவனிக்கும் பூட்டாக இருந்தால் 10,000 எண்களையும் 40,000 அல்ல, 10,003 அழுத்தல்களிலேயே முடித்துவிடலாம். ஓர் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் அடுத்த எண்ணின் முதல் மூன்றாகிவிடுமே!

8 இட பாஸ்வேர்டு. சிறிய ஆங்கில எழுத்துகள் 26, எண்கள் 10. ஓர் எழுத்தாவது, ஓர் எண்ணாவது கட்டாயம். 8×7×26×10×36⁶ என்று எழுதினேன். தவறாம். ஏன்?
– பிளஸ் ஒன் மாணவர், சேலம்

பெருக்கிப் பார்த்திருந்தால் நீங்களே பிடித்திருப்பீர்கள்: சுமார் 31.7 லட்சம் கோடி வருகிறது. நிபந்தனையே இல்லாவிட்டாலும் மொத்தம் 36⁸, அதாவது சுமார் 2.82 லட்சம் கோடிதான். நான்கு எழுத்து, நான்கு எண் உள்ள ஒரு பாஸ்வேர்டில் ‘கட்டாய எழுத்து’ எது, ‘கட்டாய எண்’ எது என்று 4×4 = 16 விதமாகச் சொல்லலாம். உங்கள் முறையில் அந்த ஒன்றே 16 தடவை எண்ணப்படுகிறது.

வேண்டாததைக் கழிப்பதே நேர்வழி: 36⁸ − 26⁸ − 10⁸, சுமார் 2.61 லட்சம் கோடி. பெரிய எழுத்தும் கட்டாயம் என்றால், இரண்டு முறை கழிபட்டவற்றைத் திரும்பக் கூட்ட வேண்டிவரும்.

போனில் பேட்டர்ன் லாக்குக்கு எத்தனை வாய்ப்பு?
– வாசகர், நாகர்கோவில்

ஆண்ட்ராய்டின் ஒன்பது புள்ளிக் கட்டத்தில் 3,89,112. நான்கு புள்ளிக்கு 9×8×7×6 = 3,024 என்று போடக் கூடாது; நடுவில் தொடாத புள்ளி இருந்தால் அதைத் தாண்ட முடியாது என்பதால் 1,624 மட்டுமே. எட்டுப் புள்ளிக்கும் ஒன்பது புள்ளிக்கும் ஒரே எண்ணிக்கை, 1,40,704. எட்டைத் தொட்டபின் மிஞ்சுவது ஒன்றுதான். வழியில் இருப்பவை எல்லாம் ஏற்கெனவே தொட்டவை, தடையே இல்லை.

இ-ஆதார் கோப்புக்குத்தான் 8 இட பாஸ்வேர்டு இருக்கிறதே, பிரவுசிங் சென்டர் கணினியில் விட்டுவிட்டு வந்தால் என்ன?
– வாசகர், ஈரோடு

பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்த பாஸ்வேர்டு. பெயர் தெரிந்தவருக்கு மிஞ்சுவது ஆண்டு மட்டும். வயது 30-லிருந்து 40-க்குள் என்று ஊகித்தால் ஒரு டஜன் முயற்சி போதும். ஏடிஎம் போல இது கார்டை முடக்கப் போவதும் இல்லை. பிரின்ட் எடுத்ததும் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும் என்ற இடத்தில் அதையே கொடுங்கள்.