பிஷப் வீட்டு முட்டை

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு பழைய ஆங்கில நகைச்சுவை நூல் படிக்கிறோம். டர்பனில் பிறந்த எங்களுக்கு ஆங்கிலம்தான் அன்றாடப் பேச்சு. வார்த்தையெல்லாம் புரிகிறது, சிரிப்புதான் வரவில்லை. ஏன்?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: மொழியில் குறை இல்லை, அம்மா. இங்கிலாந்துக்காரர்கள் எதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறார்களோ, அங்கேதான் சிரிப்பு இருக்கிறது.

1895 நவம்பர் 9 'பஞ்ச்' என்ற ஆங்கில நகைச்சுவை இதழில் ஜார்ஜ் டு மோரியே வரைந்த படத்தைப் பாருங்கள். பிஷப் வீட்டில் காலை உணவு. "உங்களுக்குக் கெட்ட முட்டை வந்துவிட்டது போலிருக்கிறதே" என்கிறார் பிஷப். "இல்லவே இல்லை ஐயா, சில பகுதிகள் பிரமாதம்!" என்கிறார் உதவிப் பாதிரியார். கெட்ட முட்டையில் நல்ல பகுதி ஏது? ஆனால் சபையில் அவருக்குக் கடைசிப் படி. மேலே போவது பிஷப் கையில். விருந்து வைத்தவரே குறையைச் சொன்ன பிறகும் 'ஆமாம்' என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. சம்பந்தி வீட்டுக் குழம்பில் உப்புக் கரித்தால், "வயிறு நிறைஞ்சு போச்சு" என்று இலைக்கு மேல் கையை மறித்து நாம் தப்பிக்கலாம். பிஷப் நேராகக் கேட்டுவிட்டதால் இவருக்கு அந்த வழியும் அடைபட்டது. இன்று பலர் இந்த முட்டையை 'நல்லதும் கெட்டதும் கலந்தது' என்ற பொருளில் மேற்கோள் காட்டுகிறார்கள். படத்தின் உயிரே அதில் போய்விடுகிறது.

1892இல் நூலாக வந்த 'டைரி ஆஃப் எ நோபடி'யில் பூட்டர் லண்டன் குமாஸ்தா. கௌரவமாக வாழ்வதாகக் காட்டிக்கொள்ளத் தவிப்பவர். சிவப்பு எனாமல் பெயின்ட் வாங்கி, கண்ணில் பட்டதற்கெல்லாம் அடிக்கிறார். ஷேக்ஸ்பியர் புத்தகங்களின் முதுகும் தப்பவில்லை. குளியல் தொட்டிக்கும் அடித்துவிட்டு வெந்நீரில் இறங்க, பெயின்ட் கரைந்து கை சிவக்கிறது. ரத்தக்குழாய் வெடித்துவிட்டதென்று நடுங்குகிறார். இதையும் அலுவலகக் குறிப்பு மாதிரி கம்பீரமாக எழுதி வைக்கிறார் பாருங்கள், அதுதான் ருசி!

வட்டத்தில் படிக்கும்போது முதலில் யார் மேலே, யார் கீழே என்று பேசிக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் குரலை ஏற்றாமல், அறிவிப்பு வாசிப்பதுபோல் படிக்கட்டும். நடித்துப் படித்தால் நகைச்சுவை செத்துவிடும்.

கேள்வி: கதையில் வரும் 'நாட் பேட்' என்பதைப் 'பரவாயில்லை' என்று மொழிபெயர்க்கலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பெரும்பாலும் கூடாது. நம் 'பரவாயில்லை' அரைமனது. அவர்களுடைய 'நாட் பேட்' பல இடங்களில் நல்ல பாராட்டு. 'நன்றாகவே இருக்கிறது' என்று எழுதுங்கள். 'பரவாயில்லை'யை 'குவைட் குட்' வரும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துப் பேச்சில் அது பல நேரம் சுமார் என்றே பொருள்படும்.