பூத்து முடிந்த புரோமிலியாட் செடி காய்கிறது, காப்பாற்ற முடியுமா?

சிவப்புப் பூவோடு வாங்கி வந்த குஸ்மேனியா (புரோமிலியாடில் ஒரு வகை) மூன்று நான்கு மாதம் ஜோராக இருந்தது, இப்போது பூ பழுப்பாகி அடி இலைகளும் காய்கின்றன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. தார் வெட்டின வாழையை யாராவது காப்பாற்றப் பார்ப்பார்களா? அதே கதைதான் இதுவும். ஒரு செடி ஒரு தடவைதான் பூக்கும். அப்புறம் பக்கத்தில் கன்று விட்டுவிட்டு, தான் மெல்ல மெல்லக் காய்ந்து போகும்.

இது எனக்கும் முதலில் தெரியாது. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரில் எங்கள் வீடு. ஓசூர் பக்கம் போனபோது ஒரு நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கினேன். பூ கருகத் தொடங்கியதும் உரம் வைத்தேன், வெயிலில் வைத்தேன், தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். எதுவும் நடக்கவில்லை. தூக்கி எறியப் போன அன்றுதான் எங்கள் ஆயா தொட்டியை வாங்கி, அடி இலையை விரலால் விலக்கிப் பார்த்தது. "கன்னு வந்திருக்குது பாருடா, இதைப் போயி செத்துப்போச்சுங்கற." சுண்டுவிரல் நீளத்துக்கு, வெளிறின பச்சையில் ஒன்று நின்றிருந்தது.

ஆயா வாழையை வைத்துச் சொன்னது. உண்மையில் இது அன்னாசிக்குப் பங்காளி, அதே குடும்பம். நாம் பூ என்று பார்க்கிற அந்தச் சிவப்பு நிஜத்தில் பூவே இல்லை, நிறம் மாறின இலை. காகிதப்பூவில் பார்ப்போமே, அது மாதிரி. நிஜப் பூ அதற்குள் சின்னதாக எட்டிப் பார்த்துவிட்டு இரண்டொரு நாளில் போய்விடும். கடைக்கு வரும் செடிகளைப் பெரும்பாலும் எத்திலீன் என்கிற வாயுவைக் கொடுத்துத்தான் பூக்க வைத்து அனுப்புகிறார்கள். அதனால் நீங்கள் பூவோடு வாங்கின அன்றே அதன் கடைசிக் காலம் தொடங்கிவிட்டது. உங்கள் கைராசியில் குறை ஒன்றும் இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. காய்ந்த பூத்தண்டை மட்டும் அடியோடு நறுக்கிவிடுங்கள். தாய்ச்செடியில் பச்சை இருக்கிற வரைக்கும் விட்டு வையுங்கள், கன்றுக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் போகிறது. கன்று தாயின் உயரத்தில் பாதியாவது வளரட்டும். அதற்கு ஆறேழு மாதம்கூட ஆகலாம். நான் பொறுமை இல்லாமல் முதல் கன்றைச் சின்னதிலேயே பிய்த்து எடுத்தேன், ஒரு வாரத்தில் அழுகிவிட்டது. இரண்டாவதை விட்டுப்பிடித்து, அடியில் வேர் தெரிந்த பிறகு, சுத்தமான கத்தியால் அறுத்து எடுத்தேன். வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் ஆற விட்டு, பிறகு நட்டேன். செம்மண் வேண்டாம். இது காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கிற செடி, மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தேங்காய் மட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, அடுப்புக்கரியோடு கலந்து சின்னத் தொட்டியில் போட்டாலே போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் மாவட்டத்துக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். இலைகள் சேருகிற இடத்தில் கிண்ணம் மாதிரி குழி இருக்கிறதே, தண்ணீரை அதில்தான் ஊற்ற வேண்டும், மட்டை லேசாக ஈரமாக இருந்தால் போதும். நான் போர் தண்ணீரை ஊற்றினேன். வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளை உப்பு இலையிலும் படிந்து, நுனியெல்லாம் கருகியது. இப்போது மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீர்தான். அது தீர்ந்தால், குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற அன்று ஒரு வாளி பிடித்து, ஒரு ராத்திரி திறந்து வைத்து ஊற்றுவேன்.

இன்னொரு சங்கதி, கொசு. டெங்கு தடுப்புக்கு வீடு வீடாக வரும் அக்கா ஒருவர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, போகிற போக்கில் இந்தச் செடிக்குள் டார்ச் அடித்தார். உள்ளே நாலைந்து புழு நெளிந்தது. எனக்கு மானமே போனது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் நாலைந்து நாளுக்கு ஒரு தடவை தொட்டியோடு கவிழ்த்துக் கொட்டி, வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவிப் புதிதாக ஊற்றுங்கள். வெறுமனே காய விட்டால் போதாது, டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்தாலும் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாந்தோப்பு வைத்திருக்கிற வீடு என்றால் இதையும் கேளுங்கள்: மாமரத்துக்கு அடிக்கிற காப்பர் ஆக்ஸிகுளோரைடு மருந்து மிச்சம் இருக்கிறதே என்று இதற்கு அடித்துவிடாதீர்கள். செம்பு இந்தக் குடும்பத்துக்கே விஷம். செப்புச் சொம்பில் வைத்த தண்ணீரும் வேண்டாம்.

கன்று தானாகப் பூக்க இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை. குழியில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மே மாதத்தில் நன்றாகப் பழுத்த இரண்டு செந்தூரா மாம்பழத்தைத் தொட்டியில் வைத்து, பெரிய பிளாஸ்டிக் பையால் மூடி, வெயில் படாத உள்ளறையில் பத்து நாள் வைத்தேன். பழம் விடுகிற எத்திலீன்தான் மருந்து. அறைக்குள் போனாலே மாம்பழ வாசம், வீட்டில் எல்லோரும் திட்டினார்கள், பழமும் வீணாகப் போனது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடுக்குருத்து லேசாகச் சிவந்திருந்தது. முதலில் பார்த்ததும் ஆயாதான்.

உங்கள் செடியில் அடி இலையை விலக்கிப் பாருங்கள். கன்று தெரியவில்லை என்றால் தொட்டியைக் கிழக்கு ஜன்னல் ஓரமாக, நேர் வெயில் படாமல் வைத்து, இன்னும் ஒன்றிரண்டு மாதம் விட்டுப் பாருங்கள்.