பழைய ஸ்பெக்ட்ரமும் பாதி கெட்ட சிப்புகளும்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்த்த பெரியப்பா 1983-ல் வாங்கிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி பரணில் கிடைத்தது. 16 கே (16 கிலோபைட் நினைவகம்) மாடல். திறந்தால் ஒரு வரிசை சிப், பக்கத்தில் காலி சாக்கெட்டுகள். 48 கே ஆக்கலாமா? 4532 என்ற நினைவக சிப் தேவையாம், எங்கும் கிடைக்கவில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தாராளமாக ஆக்கலாம், தம்பி. சாக்கெட் இருப்பதால் முதல் பதிப்பு போர்டு இல்லை என்று தெரிகிறது; அதில் கூடுதல் நினைவகத்தைத் தனிக் குட்டிப் போர்டில்தான் செருக வேண்டும்.

4532-க்காக அலையாதீர்கள். அது தனி ரகமே இல்லை. 64 கிலோபிட் சிப் செய்யும்போது ஒரு பாதி கெட்டுப் பிறந்தவற்றை, நல்ல பாதியை மட்டும் கணக்கில் வைத்து 32 கிலோபிட் என்று மலிவாக விற்றார்கள். 1982 ஏப்ரலில் 16 கே 125 பவுண்டு, 48 கே 175 பவுண்டு என்று சின்க்ளேர் விலை வைக்க முடிந்ததில் இந்தச் சிக்கனத்துக்கும் பங்குண்டு. எந்தப் பாதி நல்லது என்பதைப் போர்டில் ஒரு கம்பித் துண்டு முடிவு செய்யும். அதனால் எட்டு சிப்பும் ஒரே பக்கம் கெட்டவையாக இருக்க வேண்டும்! நீங்கள் முழுசாக நல்ல 4164 (64 கிலோபிட் சிப்) எட்டு வாங்கிப் போடுங்கள். பாதி சும்மா கிடக்கும், கிடக்கட்டும். கூடவே துணைச் சிப்புகளான 74எல்எஸ்00, 74எல்எஸ்32 ஒவ்வொன்று, 74எல்எஸ்157 இரண்டு. இந்த நான்கையும் விட்டுவிட்டால் புதிதாகச் சேர்க்கும் மேல் 32 கே நினைவகம் எழுந்திருக்காது.

இடம் மட்டுமல்ல, வேகமும் கூடும். ஏற்கெனவே உள்ள கீழ் 16 கே-யில்தான் திரையில் தெரியும் படத்துக்கான தரவு இருக்கிறது. அதைத் திரையில் காட்டும் யூஎல்ஏ சிப் படிக்கும் நேரத்தில், கணினியின் மூளையான இசட்80 அங்கே போனால் காத்திருக்க வேண்டும். மேல் 32 கே-யில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் சிப் வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். கீழ் 16 கே-க்காக ஏற்கெனவே உள்ள வரிசையின் 4116 சிப்புகளுக்கு +5, +12, -5 என மூன்று மின்னழுத்தம் வேண்டும். -5 மட்டும் வராமல் போனால் அவை வெந்துவிடும். அடாப்டர் 9 வோல்ட். நடு முனை மைனஸ். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நேர்மாறு, பார்த்துச் செருகுங்கள்.

எல்லாம் முடிந்து சுவிட்ச் போட்டதும் பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 என்று கொடுங்கள். நினைவகத்தின் கடைசி முகவரியைக் காட்டும். 65535 வந்தால் 48 கே. 32767 வந்தால் புது வரிசையைச் சரிபாருங்கள்.

கேள்வி: என் ஸ்பெக்ட்ரம் மூன்றாம் பதிப்பு. ஒரு பழைய விளையாட்டு மட்டும், விசையைத் தொடாமலே அழுத்தியதுபோல நடந்துகொள்கிறது. கீபோர்டு பழுதா? (வாசகி, மதுரை)

பதில்: மற்ற விளையாட்டுகள் ஒழுங்காக ஓடினால் கீபோர்டை நோண்டாதீர்கள். எந்த விசையும் அழுத்தாதபோது கீபோர்டின் நிலையைத் தரும் போர்ட் 254-ஐ நிரல் படித்தால் இரண்டாம் பதிப்பில் 255 வரும், மூன்றாவதில் 191. விசைகளுக்குரியவை கீழ் ஐந்து பிட்டுகள் மட்டுமே. சில நிரலர்கள் சோம்பேறித்தனமாக முழு எண்ணையும் 255-உடன் ஒப்பிட்டார்கள். 191 வந்தால் ஏதோ விசை அழுத்தப்பட்டதாக நிரல் நினைத்துக்கொள்ளும். அந்த விளையாட்டின் திருத்திய பிரதி கிடைத்தால் அதைப் போடுங்கள்.