ஜிரோனாவின் 2023-24 சீசன்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஸ்பெயினின் முதல் டிவிஷன் கால்பந்து லீகான லா லீகாவில், ஜிரோனா என்ற கத்தலான் கிளப் மூன்றாம் இடம் பிடித்த சீசனைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். அந்த 38 ஆட்டங்களையும் விடாமல் பார்த்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

கேள்வி: அண்ணா, மூணாவது இடம்தானே வந்தாங்க? கப் அடிச்ச மாதிரி ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள் தம்பி. 1930இல் தொடங்கிய கிளப் முதல் டிவிஷனை முதன்முதலாகப் பார்த்ததே 2017இல்தான். இரண்டே சீசனில் மறுபடி கீழே. திரும்ப ஏறுவதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2020இல், மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியில், சொந்த மைதானத்தில், காயநேரமும் முடியப்போகும் தறுவாயில் எல்சே ஒரு கோல் போட்டுக் கதையை முடித்தது. 2021இல் ராயோ வல்லெகானோவிடம் அதே கதி. 2022 ஜூனில் டெனெரிஃபேக்குப் போய் 3-1 என்று ஜெயித்துத்தான் மேலே வந்தார்கள்.

வந்த முதல் ஆண்டு 49 புள்ளிகள், பத்தாம் இடம். அடுத்த ஆண்டு 81 புள்ளிகள், 85 கோல்கள்! ரியல் மாட்ரிட் 95, பார்சிலோனா 85, அடுத்து இவர்கள். 76 எடுத்த அட்லெட்டிகோ இவர்களுக்குப் பின்னால். அந்த சீசனில் லீக் விதித்த சம்பள வரம்பு ரியல் மாட்ரிட்டுக்கு 727 மில்லியன் யூரோ, ஜிரோனாவுக்குச் சுமார் 52 மில்லியன். அவர்களுடைய மொன்டிலிவி மைதானத்தில் பதினாலாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்கார முடியும். இதைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடுவது?

கேள்வி: எல்லாம் மான்செஸ்டர் சிட்டி முதலாளிகளோட பணம். இதுல என்ன சாதனை சார்?

பாதி சரி. 2017இல் மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளரான சிட்டி ஃபுட்பால் குரூப் 44.3 சதவீதப் பங்கை வாங்கியது. அதே அளவு பங்கை, அப்போது சிட்டியின் பயிற்சியாளராக இருந்த பெப் குவார்டியோலாவின் தம்பி பெரேவின் குழு எடுத்துக்கொண்டது. ஆனால் ஸ்பெயினில் முதலாளி இஷ்டத்துக்குப் பணத்தைக் கொட்டிச் சம்பளம் கொடுக்க முடியாது. கிளப்பின் வருமானத்தைப் பார்த்து லீக்தான் வரம்பு வைக்கிறது. அந்தக் குழுமத்தால் கிடைத்த பெரிய லாபம் ஆட்கள்தான். யான் கோட்டோ சிட்டியிலிருந்து லோனில், அதாவது இரவலாக, வந்தார். சாவின்யோ அதே குழுமத்தின் பிரெஞ்சு கிளப்பான ட்ருவாவிலிருந்து வந்தார்.

மற்றவர்கள்? எரிக் கார்சியா பார்சிலோனாவின் லோன். மிகெல் குத்தியெரெஸ் ரியல் மாட்ரிட்டில் இடம் கிடைக்காதவர். டேலி பிளைண்ட் முப்பதைத் தாண்டி, பயர்ன் மியூனிக்கை விட்டு வந்தவர். இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்தது 2014 முதல் அங்கே ஸ்போர்ட்டிங் டைரக்டராக இருந்த கிக்கே கார்செல். அவருக்குச் சேர வேண்டிய பெருமையைச் சிட்டியின் கணக்கில் எழுதுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: உச்சரிப்பு ஜிரோனாவா, ஹெரோனாவா?

கத்தலான் மொழியில் ஜிரோனா. ஸ்பானிஷில் எழுத்தே வேறு, அதை ஹெரோனா என்பார்கள். ஊர்க்காரர்கள் சொல்வதுபோல் நாமும் சொல்வோம். மாட்ரிட்டின் வல்லெகாஸில் பிறந்த பயிற்சியாளர் மிச்செலே கத்தலான் கற்றுக்கொண்டு பத்திரிகையாளர்களிடம் அதில் பேசினார்.

கேள்வி: அவங்க ஆட்டத்துல அப்படி என்ன விசேஷம்? எனக்குத் தந்திரமெல்லாம் அவ்வளவாப் புரியாது, எளிமையாச் சொல்லுங்க.

அடுத்த முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு லெஃப்ட் பேக்கை மட்டும் பாருங்கள் அக்கா. மிகெல் குத்தியெரெஸின் வேலை இடது ஓரத்தைக் காப்பது. ஆனால் பந்து தம் பக்கம் வந்ததும் அவர் ஓரத்தில் நிற்கவே மாட்டார். நடு மைதானத்துக்குள் நுழைந்து அலெய்ஷ் கார்சியாவுக்குப் பக்கத்தில் இன்னொரு மிட்ஃபீல்டர் ஆகிவிடுவார். எதிரணி விங்கருக்குக் குழப்பம்: இவர் பின்னாலேயே உள்ளே போவதா, ஓரத்தைக் காப்பதா? உள்ளே போனால் கோட்டை ஒட்டி நிற்கும் சாவின்யோவுக்குப் பந்து போகும். டிஃபெண்டர் அவரைத் தன்னந்தனியாகச் சமாளிக்க வேண்டும். போகாவிட்டால் நடுவில் ஜிரோனாவுக்கு ஒரு ஆள் அதிகம்.

இதற்கெல்லாம் கோல்கீப்பர் கஸ்ஸானிகாவும் பிளைண்டும் பதறாமல் பாஸ் போட வேண்டும். எதிராளி பாய்ந்து வரும்வரை பந்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். பார்க்கிற நமக்கு நெஞ்சு படபடக்கும்.

கேள்வி: பார்சிலோனாவை 4-2 அடிச்சது அவங்க ஊர்லயா, இவங்க ஊர்லயா? ரெண்டு மாதிரியும் சொல்றாங்க.

இரண்டு ஊரிலும்! இரண்டு முறையும் 4-2.

முதலாவது 2023 டிசம்பர் 10, மொன்ஜுயிக் மைதானத்தில். சொந்த மைதானமான கேம்ப் நோவில் வேலை நடந்ததால் பார்சா அங்கே ஆடிக்கொண்டிருந்தது. நமக்கு ராத்திரி ஒன்றரை மணி. ஜிரோனாவுக்கு டோவ்பிக், மிகெல், வலேரி என்று மூன்று கோல். 92ஆம் நிமிடம் பார்சாவின் குந்தோகன் ஒன்றைத் திருப்பி 3-2 ஆனதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 95இல் ஸ்துவானி நான்காவதை அடித்தார். 2017 முதல் அங்கேயே இருந்து, ஏற்றமும் இறக்கமும் பார்த்த கேப்டன் அவர். அந்த வெற்றியோடு 16 ஆட்டங்களில் 41 புள்ளிகள், பட்டியலில் முதலிடம்.

இரண்டாவது 2024 மே 4, மொன்டிலிவியில். 1-2 என்று பின்தங்கியிருந்தபோது போர்ட்டு மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். செர்ஜி ரோபெர்ட்டோ தவறவிட்ட பந்தை டோவ்பிக் எடுத்துக் கொடுக்க, இறங்கிய கையோடு கோல். அடுத்த இரண்டு நிமிடத்தில் மிகெலுக்குக் கொடுத்து இன்னொன்று. பிறகு பந்து தரையைத் தொடும் முன்பே ஓங்கி அடித்த நான்காவது. அந்த முடிவு ரியல் மாட்ரிட்டைச் சாம்பியனாக்கியது, ஜிரோனாவை முதல் முறையாக ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குள் கொண்டுபோனது.

கேள்வி: அப்புறம் ஏன் பட்டத்தைக் கோட்டை விட்டாங்க?

பிப்ரவரி 10 அன்று ரியல் மாட்ரிட்டின் பெர்னபே மைதானத்துக்குப் போகும்போது இரண்டே புள்ளி வித்தியாசம். பிளைண்ட், யாங்கெல் எரெரா இருவரும் தடையில், மிச்செலும் தடையில். 4-0 தோல்வி. பிறகு பில்பாவ், மயோர்க்கா, கெட்டாஃபே, அட்லெட்டிகோ என்று வெளியூர்த் தோல்விகள். சொந்த ஊரில் அந்த சீசன் முழுக்கத் தோற்றது இரண்டே முறை, ரியல் மாட்ரிட்டிடமும் வில்லாரியாலிடமும். ஆள்பலம் குறைந்த அணிக்கு வெளியூர்தான் சோதனை. கோட்டை விட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: டோவ்பிக்தானே பிச்சிச்சி?

ஆமாம், லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான பிச்சிச்சி விருது அவருக்குத்தான், 24 கோல். வில்லாரியாலின் சோர்லோத் 23. கடைசி நாளில் கிரனடாவுக்கு எதிரான 7-0இல் ஹாட்ரிக் அடித்துத்தான் முந்தினார்.

கேள்வி: அடுத்த வருஷமே 16ஆம் இடம். அப்போ அந்த ஒரு சீசன் வெறும் அதிர்ஷ்டமா?

இல்லை. இரவல் நகையைத் திருப்பிக் கொடுத்தால் கழுத்து வெறுமையாகத்தான் இருக்கும். டோவ்பிக் ரோமாவுக்கு, சாவின்யோ மான்செஸ்டர் சிட்டிக்கு, அலெய்ஷ் கார்சியா லெவர்குசனுக்கு, கோட்டோ டோர்ட்முண்டுக்கு, எரிக் கார்சியா பார்சாவுக்கே. ஒரே கோடையில்! சிட்டியும் ஜிரோனாவும் ஒன்றாகச் சாம்பியன்ஸ் லீக்கில் ஆட முடியுமா என்ற சிக்கல் வேறு. சிட்டி குழுமத்தின் பங்குகளைச் சுதந்திரமான அறங்காவலர்களிடம் ஒப்படைத்த பிறகே ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ அனுமதித்தது. அந்தப் போட்டியில் பாரிஸில் பிஎஸ்ஜியுடன் முதல் ஆட்டம். 90ஆம் நிமிடம்வரை தாக்குப்பிடித்தார்கள், பந்து கஸ்ஸானிகாவிடமிருந்து நழுவி உள்ளே போனது. எட்டு ஆட்டங்களில் ஜெயித்தது ஒன்றுதான், ஸ்லோவான் பிராட்டிஸ்லாவாவுக்கு எதிராக.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்கத்தான் நேரம் இருக்கு. எதைப் பார்க்கட்டும்?

2024 ஜனவரி 3, அட்லெட்டிகோவுடன் மொன்டிலிவியில் நடந்தது. வலேரி, சாவின்யோ, பிளைண்ட் அடித்து 3-1 முன்னிலை. மொராட்டா ஹாட்ரிக் போட்டு 3-3. காயநேரத்தில் இவான் மார்ட்டின் நான்காவதை அடிப்பார். மார்ட்டின் அடித்ததும் பார்வையாளர்களைக் கவனியுங்கள்.