கையைவிட்டுப் போகாத காசும் செலவுதான்

பிளஸ் டூ மாணவி, தேனி: பொருளியல் என்றால் பணத்தைப் பற்றிய படிப்புதானே ஐயா? வணிகவியல் படித்தாலே போதாதா?

பதில்: பணம் அதில் ஒரு பகுதிதான் அம்மா. வேண்டியவை பல, கையில் இருப்பது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் பல வழிகளில் செலவிடலாம். அப்படியிருக்க மனிதர்கள் எதை எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் பொருளியல். லயனல் ராபின்ஸ் 1932-இல் தந்த இலக்கணம் ஏறக்குறைய இதுதான். நீ கல்லூரியில் சேர்ந்தால் மூன்று ஆண்டுக் கட்டணம் மட்டும் செலவு அல்ல. அந்த மூன்று ஆண்டும் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் செலவுதான். இதை வாய்ப்புச் செலவு என்போம். (அதற்காகக் கல்லூரி வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதே. படித்த பிறகு கூடும் வருமானத்தையும் சேர்த்துப் பார்.)

மளிகைக் கடைக்காரர், விருதுநகர்: சொந்தக் கட்டடம், வாடகை இல்லை. எல்லாம் போக மாதம் 25,000 ரூபாய் நிற்கிறது. என் மகனோ இது லாபமே இல்லை என்கிறான்.

பதில்: அவர் சொல்வதைக் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். அந்தக் கடையை வாடகைக்கு விட்டால் 12,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து இரவு வரை நீங்கள் உழைக்கும் உழைப்புக்கு வேறொரு கடையில் 15,000 சம்பளம் கிடைக்கும் என்றால், இரண்டும் சேர்ந்து 27,000. சரக்கில் முடங்கிய முதலுக்கு வட்டி தனி. கடையை மூடச் சொல்லவில்லை. சொந்தத் தொழிலின் நிம்மதிக்கும் மதிப்பு உண்டு. அந்த நிம்மதிக்காக மாதம் குறைந்தது 2,000 ரூபாய் கொடுக்கிறோம் என்று தெரிந்து நடத்துங்கள்.

விவசாயி, பாலக்கோடு: 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, சில ஊர்களில் இருநூறு வரை போனது. செப்டம்பரில் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. வியாபாரிகள் செய்யும் வேலையா இது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதே வியாபாரிகள் ஜூலையிலும் இருந்தார்கள், செப்டம்பரிலும் இருந்தார்கள். அவர்களை மட்டும் காரணமாக்கினால் அடுத்த முறையும் ஏமாறுவோம்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் விலை படுத்திருந்ததால் பலர் தக்காளியைக் கைவிட்டார்கள். மீதி இருந்ததை வெயிலும் மழையும் கெடுத்தன. வரத்து குறைந்தது. ரசத்துக்கும் குழம்புக்கும் தக்காளி இல்லாமல் முடியாது என்பதால், சிறு பற்றாக்குறைக்கே விலை பல மடங்கு ஏறியது. அந்த விலையைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் நாற்று வாங்கி நட்டார்கள். நட்ட இரண்டு மாதத்தில் காய் வரத் தொடங்கிவிடும். எல்லாத் தோட்டத்திலும் ஒன்றாகவே வந்தது. கிலோ பத்து ரூபாய் என்பதற்காக யாரும் பத்து மடங்கு தக்காளி தின்பதில்லை, வைத்து விற்கவும் முடியாது. ஜூலையில் விலை ஏறியபோது தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது வாங்குவோருக்கு உதவியது. செப்டம்பரில் உங்களைத் தாங்க அப்படி ஏதும் இல்லை, அதுதான் என் ஆதங்கம்.

ஒரு யோசனை. இன்றைய சந்தை விலையைப் பார்த்து நடாதீர்கள். நாற்றுப் பண்ணையில் எவ்வளவு கூட்டம் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு மாதம் கழித்து வரப்போகும் விலையை அதுதான் சொல்லும்.

தையல் கடை நடத்துபவர், ஈரோடு: ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 பேர், மாதம் 5,000. அவசரத்துக்கு முதல் மாதமே 30,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து, எடுக்கலாமா?

பதில்: கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தள்ளிய 30,000-இல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போனால், மீதி 25,000-ஐ 20 பேரும் பிரித்துக்கொள்வீர்கள், ஆளுக்கு 1,250. ஆக முதல் மாதம் நீங்கள் கட்டுவது 3,750, வாங்குவது 70,000. கையில் நிற்பது 66,250.

இனி 19 மாதம் கட்ட வேண்டும். ஏலம் போகப் போகத் தள்ளுபடி குறையும். சராசரியாக மாதம் 600 கழிவு கிடைப்பதாகக் கொண்டால், 4,400 வீதம் மொத்தம் 83,600 கட்டுவீர்கள். 17,350 அதிகம். தவணைதோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், இது நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய இரண்டரை வட்டி. ஆண்டுக்கு 29 சதவீதம்! வங்கியில் நகைக் கடன் பெரும்பாலும் ஒரு வட்டிக்கும் கீழே கிடைக்கும். நகை இருந்தால் வங்கிக்குப் போங்கள்.

இதே சீட்டைக் கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. உங்களைப் போல அவசரப்படுபவர் இழப்பதுதான் அவருடைய வருமானம். எப்படியானாலும் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று முதலில் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஊழியர், தஞ்சாவூர்: பணவீக்கம் குறைந்தது என்கிறார்கள். கடையில் எதுவும் குறையவில்லையே?

பதில்: குறைந்தது விலை அல்ல, விலை ஏறும் வேகம். 100 ரூபாய்ப் பொருள் போன ஆண்டு 106 ஆகி, இந்த ஆண்டு ஏறக்குறைய 109 ஆனால் பணவீக்கம் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டது. உங்களுக்கோ ஒன்பது ரூபாய் கூடுதல்.

இல்லத்தரசி, திண்டுக்கல்: நாள் முழுக்க வேலை செய்கிறேன். நாட்டின் வருமானக் கணக்கில் நான் இருக்கிறேனா?

பதில்: இல்லை அம்மா. இது எனக்கும் நெடுநாள் வருத்தம். உங்கள் வீட்டுச் சமையலுக்கு ஆள் வைத்துச் சம்பளம் தந்தால் அது கணக்கில் ஏறும். நீங்கள் சமைத்தால் ஏறாது. 2019-இல் இந்தியாவில் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம்.

நீதிமன்றங்கள் இந்த உழைப்புக்கு மதிப்புப் போட்டிருக்கின்றன. 2001-இல் ஒரு தீ விபத்து வழக்கில், இறந்த இல்லத்தரசிகளின் பணியை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டு இழப்பீடு கணக்கிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். உங்கள் வீட்டில் ஆயுள் காப்பீடு எடுக்கும் பேச்சு வரும்போது, சம்பளம் வாங்குபவர் பெயரில் மட்டும் எடுக்காமல் உங்கள் பெயரிலும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.