ஏற்காட்டு அம்மாவுக்கு: முன்பணம் கட்டுமுன் வார்டைப் பாருங்கள்

அன்புள்ள அம்மா,

நீங்கள் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போன அந்த வழவழப்பான தனியார் நர்சிங் கல்லூரிக் கையேட்டை இரண்டு முறை படித்தேன். விடுதி, ஏ.சி. வகுப்பறை, பஸ் வசதி எல்லாம் படத்தோடு இருக்கிறது. உங்கள் மகள் எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறுவாள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. ஊசி ஏற்றுவதை ரப்பர் கையில் நூறு முறை பழகலாம். எண்பது வயதுப் பெரியவரின் கையில் ரத்தக் குழாய் வழுக்கி நகரும்போது தோலை எந்தப் பக்கம் இழுத்துப் பிடிப்பது என்பதை, வார்டில் மூத்த செவிலியர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் கை பழகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் கல்லூரியின் பயிற்சிக் கூடத்தைப் பார்க்கப் போனேன். பயிற்சிப் பொம்மை பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே கட்டிலில் கிடந்தது. நான் சொல்லிச் சேர்ந்த பிள்ளை அங்கே மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மருத்துவமனையைப் பார்க்காமல் எந்தக் கல்லூரியையும் யாருக்கும் நான் சொல்வதில்லை.

"பெரியாஸ்பத்திரியில் கூட்டம் நெரியுமே, பிள்ளை தாங்குவாளா" என்று கேட்டீர்கள். அந்தக் கூட்டத்தில்தான் அவள் தொழில் கற்பாள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கியது. பிரதமரின் ஸ்வாஸ்திய சுரக்ஷா திட்டத்தின் முதல் கட்டத்தில், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போட்டு அதன் மருத்துவமனையான நம் பெரியாஸ்பத்திரியை உயர்சிறப்பு மருத்துவமனையாகத் தரம் உயர்த்தின. இதயம், சிறுநீரகம், நரம்பியல் என்று முன்பு சென்னைக்கு ஓடிய நோயாளிகள் பலர் இன்று இங்கேயே படுக்கிறார்கள். நோயாளி வரும் இடத்தில்தானே பயிற்சி இருக்கும்? 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் பக்கத்து நாமக்கல்லும் கிருஷ்ணகிரியும் உண்டு. மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே நாடு முழுவதும் மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 நர்சிங் கல்லூரிகள் அமைக்க மத்திய அமைச்சரவை 1,570 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மக்கள் பணத்தில் எழுந்த வார்டுகள் இவை. மலைப் பிள்ளைகளுக்கும் அவற்றில் பங்கு இருக்கிறது என்பதை ஒவ்வொரு பெற்றோரிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

சேலத்திலேயே அரசு செவிலியர் கல்லூரி இருக்கிறது. இடம் கிடைப்பது +2 மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் பொறுத்தது. நீங்கள் மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடியினர் என்பதால் 1 சதவீத ஒதுக்கீட்டில் வருவீர்கள். அதற்குக் கோட்டாட்சியர் வழங்கிய சாதிச் சான்றிதழ் வேண்டும். ஆறிலிருந்து +2 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் இறங்கி ஏற வேண்டியதில்லை, விடுதியில் தங்கலாம்.

அரசு இடம் கிடைக்காமல் போனால் தனியார் கல்லூரியைப் பார்ப்போம், தவறில்லை. ஆனால் அவர்களிடம் மருத்துவமனையின் பெயரைக் கேளுங்கள். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது நர்சிங் படிப்புக்கு விதி வகுக்கும் இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அது நடைமுறையில் இருக்கிறதா, இரவுப் பணி தருகிறார்களா, வார்டுக்கு ஆசிரியர் கூடவே வருகிறாரா? அலுவலகத்தில் கேட்பதைவிட, மாலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், மூவரும் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பலாம். அதுவரை அந்தக் கல்லூரிக்கு முன்பணம் கட்ட வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.