கடல் கேள்விகள்: ஹாஜி அலிப் பாறையில் ஒரு பவளம்

மும்பைக் கடலில் பவளம் இருக்கிறது என்று பள்ளியில் சொன்னார்களாம். மகன் வந்து சொல்கிறான். இந்தச் சாக்கடைத் தண்ணீரிலா? நம்ப முடியவில்லையே!
– ஒரு வாசகி, மாட்டுங்கா

மகன் சொன்னது சரிதான். நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊர்க்காரி. பவளம் என்றால் எங்கள் ஊர்க் கடல்தான் என்ற நினைப்போடு இந்த ஊருக்கு வந்தவள். வந்து ஆறு வருடம் கழித்துத்தான் ஹாஜி அலிக்குப் பக்கத்துப் பாறையில் முதல் பவளத்தைப் பார்த்தேன். அமாவாசைக்கு மறுநாள், கடல் நன்றாக வற்றியிருந்தது. பாறை இடுக்கில் தேங்கிய சாண் ஆழத் தண்ணீரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு. வெறும் பாசி என்று தாண்டிப் போக இருந்தேன். குனிந்து பார்த்தால் தேன்கூடு மாதிரி குழி குழியாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு பவளப்பூச்சி, அதாவது பவளத்தைக் கட்டுகிற குட்டி உயிர். தண்ணீர் திரும்ப ஏறி, பக்கத்தில் வைத்திருந்த பை நனைந்த பிறகுதான் எழுந்தேன்.

ஆனால் மன்னார் வளைகுடாவில் இருப்பதுபோல் பெரிய பவளத்திட்டுகளை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பவளப்பூச்சியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வைத்து அது சமைத்துக் கொடுப்பதைத்தான் பூச்சி பெரும்பாலும் சாப்பிடுகிறது. மும்பைத் தண்ணீரில் வண்டலும் கலங்கலும் அதிகம், வெயில் சரியாக உள்ளே இறங்குவதில்லை. அதையும் தாங்குகிற ஒரு சில வகைகள்தான் இந்தக் கரும்பாறைகளில் அங்கங்கே ஒட்டிக்கொண்டு பிழைக்கின்றன. எனக்கு அவற்றின்மேல் தனி மரியாதை.

கடற்கரைச் சாலை வேலைக்காக வொர்லியிலும் ஹாஜி அலியிலும் வழியில் இருந்த பவளங்களை 2020-ல் பெயர்த்து வேறு இடத்தில் பொருத்தினார்கள். தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் செய்த வேலை அது. செய்யாமல் விட்டிருந்தால் மண்ணுக்கடியில் போயிருக்கும் என்பது உண்மை. ஆனாலும் பெயர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்க வேண்டும், முதலில் பாறையை விட்டுவைக்கப் பார்க்க வேண்டும் என்பேன்.

ராமேஸ்வரம் போனபோது வாங்கிய வெள்ளைப் பவளக்கல் ஒன்று இருபது வருடமாக எங்கள் ஷோகேஸில் இருக்கிறது. தப்பா? என் மோதிரத்தில் இருக்கும் பவளமும் இதுவும் ஒன்றுதானா?
– ஒரு வாசகர், தாராவி

மோதிரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது செம்பவளம். மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில், பெரும்பாலும் வெளிச்சம் குறைந்த ஆழங்களில் வளர்வது. அதன் உடலில் பாசி கிடையாது, திட்டும் கட்டாது. உங்கள் வெள்ளைக் கல்லுக்குத் தூரத்து உறவு, அவ்வளவுதான்.

அந்தக் கல்தான் சிக்கல். எங்கள் பாட்டி வீட்டுச் சுவரே பவளக்கல்தான். பூச்சு உதிர்ந்த இடத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். மழைக்காலத்தில் அதை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்துக் கொண்டுவருவார்கள். வீடு கட்டியது போக மீதி சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். அன்றைக்கு யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. உருண்டையாக வளரும் பவளம் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 1 செ.மீ.தான் வளரும். ஒரு முழ உயரக் கல் என்றால் நாற்பது வருடத்துக்கு மேல். எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் அப்படி எத்தனை கல்! மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்கடியில். சுற்றியிருந்த பவளத்திட்டை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது அதற்குப் பெரிய காரணம். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் இப்படித்தான் கரைந்துகொண்டு வந்தது. அதைக் காப்பாற்ற இப்போது சிமென்ட் கட்டுமானங்களைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள்.

2001 முதல் உங்கள் கல்லைப் போன்ற திட்டு கட்டும் பவளம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. எடுப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம். உங்கள் கல்லை யாருக்கும் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். வனத்துறை அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். இந்த ஊரில் மீன் தொட்டி விற்கிற ஒரு கடையில் இதே மாதிரிக் கல்லை "அலங்காரப் பொருள்" என்று என்னிடமே நீட்டினார்கள். கோபத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. வாங்க ஆள் இருக்கும்வரை அவர்களும் நீட்டத்தான் செய்வார்கள்.

நான் பதினோராம் வகுப்பு. பவளத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
– ஒரு மாணவி, செம்பூர்

சொல்கிறேன் மகளே. உயிரியலை விட்டுவிடாதே. பட்டத்துக்கு விலங்கியலோ மீன்வளமோ எடுக்கலாம். பிறகு கடல் உயிரியல் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. உன் ஊரிலேயே வெர்சோவாவில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது, அங்கே முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கலாம். அப்புறம், நீச்சல் கற்றுக்கொள். என் மாணவர்களில் பாதிப்பேர் அங்கேதான் தடுமாறினார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு பாறைப் பக்கம் போ. ஒரே ஒரு பவளத்தைத் தேர்ந்தெடு. தொடாதே. மாதாமாதம் அதே பவளத்தைப் போய்ப் பார்த்து நிறத்தை எழுது. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் பூச்சி தன் பாசியை வெளியே தள்ளிவிடும், பவளம் வெளுக்கும். வெளுத்தவுடன் செத்துவிட்டது என்று நினைக்காதே. சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பலாம். சூடு வாரக்கணக்கில் நீடித்தால் பட்டினியில் சாகும். பதிவான வரலாற்றில் நான்காவது முறையாக உலகம் முழுக்கப் பவளம் வெளுக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அதனால் உன் நோட்டில் கோடை மாதங்களான ஏப்ரல், மே பக்கங்கள் காலியாக இருக்கக் கூடாது. எத்தனை மணிக்குப் பார்த்தாய், தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்து எழுது. பாறை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பாகப் போட்டுக்கொள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடு.

ஆறு மாத நோட்டை எனக்கு அனுப்பு. படித்துப் பார்த்துக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.